ஆற்றைக் காக்கும் சட்டம் உண்மையில் எதைக் காக்கிறது?

ஏதோ ஒரு நாட்டில் ஒரு காட்டாற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று செய்தி வரும். நல்லது என்று நினைத்துக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். சில ஆண்டுகள் கழித்து அதே ஆற்றின் பெயர் மறுபடி அடிபடும். குறுக்கே பாலம் கட்டலாமா என்று வழக்கு நடக்கும். அல்லது மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதக்கும். அல்லது கரையில் காலங்காலமாக வாழும் மக்களே "இந்தப் பாதுகாப்பு எங்களுக்கு வேண்டாம்" என்பார்கள். பாதுகாத்தாயிற்று என்றார்களே, அப்புறம் இதெல்லாம் எப்படி நடக்கிறது?

எந்தச் சட்டமும் ஆற்றை முழுசாகக் காப்பதில்லை என்பதுதான் விடை. ஆற்றின் சில தன்மைகளைப் பட்டியல் போட்டு, வரைபடத்தில் ஓர் எல்லை கிழித்து, அந்த எல்லைக்குள் சில வகை வேலைகளை மட்டும் சட்டம் தடுக்கிறது. பட்டியலில் என்ன இருக்கிறது, எல்லை எங்கே விழுகிறது, தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, பட்டியல் போடும்போது யாரைக் கேட்டார்கள் என்ற நான்கும் தெரிந்தால்தான் ஒரு ஆறு எவ்வளவு தூரம் காக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல முடியும்.

அடிப்படை: சட்டத்தின் கண்ணில் காட்டாறு

இந்த வகைச் சட்டங்களில் மிகப் பழையவற்றில் ஒன்றும் அதிகம் பின்பற்றப்பட்டதும் அமெரிக்காவின் 'காட்டாறுகள் மற்றும் எழில் ஆறுகள் சட்டம்'. 1968 அக்டோபர் 2 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அதற்கு முந்தைய சில பத்தாண்டுகள் அங்கே அணைகளின் காலம். அணை கட்டுவது தவறு என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. சில ஆறுகளில் அணை கட்டுவது தேசத்தின் கொள்கை என்றால், வேறு சில ஆறுகளைத் தடையின்றி ஓட விடுவதும் கொள்கையாக இருக்க வேண்டும் என்றுதான் அதன் முன்னுரை சொல்கிறது. எட்டு ஆறுகளோடு தொடங்கிய பட்டியலில் இன்று 200-க்கும் மேற்பட்ட ஆறுகள், சுமார் 21,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும். அந்த நாட்டின் மொத்த ஆற்று நீளத்தில் இது அரை சதவீதம்கூட இல்லை.

பட்டியலில் சேரும் ஆறு, அல்லது ஆற்றின் பகுதி, மூன்று வகைகளில் ஒன்றில் வைக்கப்படும்:

1. காட்டாறு: அணை எதுவும் இல்லை, ஒற்றையடிப் பாதை தவிர வேறு வழியில் பெரும்பாலும் போக முடியாது, கரைகள் ஏறத்தாழ ஆதி நிலையில் இருக்கும், தண்ணீர் மாசுபடவில்லை.
2. எழில் ஆறு: அணை இல்லை, கரைகள் பெரும்பாலும் இயற்கையாக இருக்கும், அங்கங்கே சாலை வந்து தொடும்.
3. பொழுதுபோக்கு ஆறு: சாலை, ரயில் பாதை வழியாக எளிதில் போகலாம்; கரையில் கட்டடங்கள் இருக்கலாம்; முன்பு ஒரு காலத்தில் தடுக்கப்பட்டோ திருப்பப்பட்டோ இருந்திருக்கலாம்.

பலரும் இதைத் தரவரிசை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. சேர்க்கப்படும் நேரத்தில் ஆற்றங்கரையில் மனிதர் கைபட்டது எவ்வளவு என்பதை மட்டுமே இந்த வகைப்பாடு காட்டுகிறது. மூன்றாம் வகை ஆற்றிலும் புதிதாக அணை கட்ட முடியாது.

மதிப்புகள்: பட்டியலில் எழுதப்படுவது என்ன

ஆறு தடையின்றி ஓடினால் மட்டும் போதாது. அதற்குத் 'தனிச்சிறப்பான மதிப்பு' ஒன்றாவது இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். இயற்கைக் காட்சி, பொழுதுபோக்கு, நிலவியல், மீனும் காட்டுயிரும், வரலாறு, பண்பாடு, இவற்றை ஒத்த வேறு மதிப்புகள் என்று அது வரிசைப்படுத்துகிறது. சட்டப் பேச்சில் இவை இரண்டு கூடையில் விழும். பாறை, வெள்ளம், மீன், கரைக்காடு ஆகியவை இயற்கை மதிப்புகள். பழங்காலக் குடியிருப்பு, புதைவிடம், சடங்கு நடக்கும் இடம், பரம்பரை மீன்பிடித் துறை ஆகியவை பண்பாட்டு மதிப்புகள்.

இந்தப் பிரிவினை கோப்புக்கு வசதி, ஆற்றங்கரையில் நிற்காது. சால்மன் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். உயிரியலாளருக்கு அது கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்து முட்டையிடும் மீன் இனம். கலிஃபோர்னியாவின் கிளமத் ஆற்றங்கரையில் வாழும் யூரோக் பழங்குடி மக்களுக்கு அது உணவு, சடங்கு, சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை எல்லாமும். ஒரே மீன் எந்தக் கூடையில் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து, அதற்கு ஆபத்து வரும்போது யார் வழக்குப் போடலாம், எந்த அதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்பதே மாறிவிடும்.

பட்டியலில் இல்லாத மதிப்புக்கு யாரும் பொறுப்பில்லை. ஆற்றுக்கான மேலாண்மைத் திட்டம் எழுதும் அதிகாரி, பட்டியலில் உள்ளதைத்தான் அளப்பார், கண்காணிப்பார்.

தடுக்கும் அதிகாரம்: ஒரு பாலத்தின் கதை

அமெரிக்கச் சட்டத்தின் பல் அதன் 7ஆம் பிரிவில் இருக்கிறது. அது செய்வது இரண்டு வேலைகள்:

1. பட்டியலில் உள்ள பகுதியில் மின் உற்பத்தி அணைக்கு மத்திய எரிசக்தி ஆணையம் உரிமமே தர முடியாது.
2. ஆற்றின் மதிப்புகளுக்கு 'நேரடியான, பாதகமான விளைவு' உண்டாக்கும் எந்த நீர்த் திட்டத்துக்கும் மத்திய அரசின் எந்தத் துறையும் பணமோ உரிமமோ வேறு உதவியோ தரக் கூடாது.

இரண்டாவது, பார்வைக்குத் தெரிவதைவிட அகலமானது. ஆற்றுப் படுகையில் ஊன்றும் பாலத் தூண், கரை அரிப்பைத் தடுக்கக் கொட்டும் பாறை, படகுத் துறை ஆகியவைகூட இந்தச் சோதனைக்கு வந்துவிடும்.

மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் நடுவே ஓடும் செயின்ட் குரோய் ஆற்றின் கீழ்ப்பகுதி 1972இல் பட்டியலில் சேர்ந்தது. ஸ்டில்வாட்டர் ஊரில் 1931இல் கட்டிய பழைய தூக்குப்பாலம் போக்குவரத்தைத் தாங்கவில்லை. புதிதாகப் பெரிய பாலம் வேண்டும் என்றார்கள். 1996இல் தேசியப் பூங்காத் துறை, அந்தப் பாலம் ஆற்றின் காட்சி மதிப்பைக் கெடுக்கும் என்று முடிவு சொன்னது. திட்டம் நின்றது. வடிவமைப்பை மாற்றினார்கள், வழக்குகள் வந்தன, 2010இல் துறை மறுபடியும் பாதகம் என்றே சொன்னது. அதாவது முக்கியமாகக் காட்சி என்ற மதிப்பு, இரண்டு மாநிலங்கள் விரும்பிய ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தை ஏறக்குறைய 15 ஆண்டுகள் நிறுத்தி வைத்தது.

அப்புறம்? 2012இல் அமெரிக்க காங்கிரஸ் அந்த ஒரு பாலத்துக்கு மட்டும் விலக்கு அளித்துத் தனிச் சட்டம் போட்டது. 2017இல் பாலம் திறக்கப்பட்டது. அதிகாரியின் 'முடியாது' என்ற சொல்லுக்கு அதிகாரிகள் மட்டத்தில் மாற்று இல்லை; ஆனால் சட்டத்தை இயற்றிய அவையே நினைத்தால் ஒரு தனிச் சட்டத்தால் அதைத் தாண்டிவிடலாம். இதைச் சட்டத்தின் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த விலக்கை வாங்க எல்லார் கண்ணெதிரிலும் அவையில் வாக்கெடுப்புக்குப் போக வேண்டியிருந்ததே, அதுவே ஒரு தடைதான். மூடிய அறையில் ஒரு கையெழுத்தோடு முடிந்திருக்க முடியாது.

எல்லை: கோட்டுக்கு மேலே நடப்பது

ஆறு என்பது மேலிருந்து வரும் தண்ணீர். சட்டத்தின் கோடோ நிலத்தில் கிழித்தது. அமெரிக்கச் சட்டத்தில் பாதுகாப்பு எல்லை, சராசரியாக மைலுக்கு 320 ஏக்கர் என்ற அளவைத் தாண்டக் கூடாது. இரு கரையிலும் கால் மைல் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள்ளும் தனியார் நிலத்தில் வீடு கட்டுவதை இந்தச் சட்டம் நேராகத் தடுக்காது. அது உள்ளூர் நில விதிகளின் வேலை. கோட்டுக்கு வெளியே, மேலே அல்லது கீழே வரும் திட்டங்களுக்குச் சோதனை இன்னும் தளர்வானது. 'பாதகமான விளைவு' என்று காட்டினால் போதாது. பாதுகாத்த பகுதிக்குள் அது ஊடுருவுகிறது, அல்லது மதிப்புகளை 'நியாயமற்ற அளவுக்கு' குறைக்கிறது என்று காட்ட வேண்டும். ஏற்கெனவே இருந்த அணைகளும் கால்வாய்களும் அப்படியே தொடரும்.

இதன் விளைவு கிளமத் ஆற்றில் வெட்டவெளிச்சமானது. கலிஃபோர்னியாவில் அயர்ன் கேட் அணைக்குக் கீழிருந்து கடல் வரை அந்த ஆறு 1981இல் பட்டியலில் சேர்ந்தது. அதன் தனிச்சிறப்பு மதிப்பு, கடலிலிருந்து ஏறிவரும் மீன்கள். 2002 செப்டம்பரில், அதே பாதுகாக்கப்பட்ட பகுதியில், 30,000-க்கும் மேற்பட்ட மீன்கள், பெரும்பாலும் சினூக் சால்மன், சில நாட்களில் செத்தன. அந்த ஆண்டு வறட்சி. மேலே வேளாண்மைக்குத் தண்ணீர் திருப்பப்பட்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்து, சூடேறி, மேலே ஏற வந்த மீன்கள் கீழ்ப்பகுதியில் நெருக்கியடித்துக் கிடந்தன. செவுளைத் தாக்கும் ஒட்டுண்ணியும் பாக்டீரியாவும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவ அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. பாதுகாப்புப் பகுதிக்குள் ஒருவரும் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை. சட்டம் எதையெல்லாம் தடுத்ததோ அதில் எதுவும் நடக்கவில்லை. மீன் மட்டும் செத்தது.

பின்னாளில் அந்த ஆற்றின் நான்கு அணைகள் இடிக்கப்பட்டு 2024இல் வேலை முடிந்தது. அதைச் சாதித்ததும் இந்தச் சட்டம் அல்ல. அணைகளின் மின் உரிமக் காலம் முடிந்துபோனதும், புதுப்பிக்க வேண்டுமானால் மீன் ஏறும் வழி அமைக்க ஏகப்பட்ட செலவாகும் என்றானதும், பழங்குடி மக்கள் பல ஆண்டுகளாக விடாமல் நின்றதும் சேர்ந்துதான் உடன்பாட்டைக் கொண்டுவந்தன. ஆற்றைப் பொறுத்தவரை, 'பாதுகாப்பு' என்று பெயர் வைத்த சட்டத்தைவிட, அணைக்கு உரிமம் புதுப்பிக்கும் நாள் பெரிய நாளாக இருக்கலாம்.

பண்பாட்டு மதிப்பு நீதிமன்றத்துக்குப் போனபோது

ஆஸ்திரேலியாவில் கதை வேறு. டாஸ்மேனியா மாநிலத்தில் ஃபிராங்க்ளின் ஆறு கோர்டன் ஆற்றில் சேரும் இடத்துக்குக் கீழே மாநில நீர்மின் ஆணையம் அணை கட்டத் திட்டமிட்டது. 1981இல் மாநில அரசு நடத்திய வாக்கெடுப்பில் கேட்ட கேள்வியே விசித்திரம்: இந்த இடத்தில் அணையா, அந்த இடத்தில் அணையா? மூன்றில் ஒரு பங்கு மக்கள் 'அணை வேண்டாம்' என்று சீட்டில் கையால் எழுதிப் போட்டார்கள். 1982 டிசம்பரில் தொடங்கிய மறியலில் 1,200-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

அணை கட்டப்பட்டால் மூழ்கவிருந்த இடங்களில் ஒன்று குட்டிகினா குகை. 1981இல் அங்கே அகழ்ந்தபோது கல் கருவிகளும், வேட்டையாடித் தின்ற வாலபி (சிறிய கங்காரு வகை) எலும்புகளும் குவியலாகக் கிடைத்தன. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உறைபனி யுகத்தின் உச்சத்தில், பழங்குடி மக்கள் அவ்வளவு தெற்கே வாழ்ந்ததற்கு அது சான்று. அதுவரை 'மனிதர் காலடி படாத காடு' என்பதுதான் ஃபிராங்க்ளினைக் காக்கச் சொன்னவர்களின் வாதம். குகை அந்த வாதத்தைப் பொய்யாக்கியது. கூடவே இன்னும் வலுவான ஒன்றைக் கையில் கொடுத்தது. 1982 டிசம்பரில் அந்தப் பகுதி இயற்கை, பண்பாடு என இரண்டு அடிப்படையிலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

1983 மார்ச்சில் மத்தியில் ஆட்சி மாறியது. புதிய அரசு அணையைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. நிலமும் நீரும் மாநிலத்தின் கையில் இருக்கும்போது மத்திய அரசு எப்படித் தலையிடலாம் என்பதுதான் வழக்கு. 1983 ஜூலை 1 அன்று நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் மத்திய அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முக்கியமான காரணங்கள்:

1. ஆஸ்திரேலியா உலகப் பாரம்பரிய உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. அந்தக் கடமையை நிறைவேற்ற, அரசமைப்பு தரும் 'வெளியுறவு அதிகாரத்தை' மத்திய அரசு பயன்படுத்தலாம்.
2. நீர்மின் ஆணையம் மின்சாரம் விற்கும் வணிக நிறுவனம் என்பதால், நிறுவனங்கள் மீதான அதிகாரமும் பொருந்தும்.
3. குகைகள் பழங்குடி மக்களுக்குத் தனி முக்கியத்துவம் உடையவை என்பதால், குறிப்பிட்ட இன மக்களுக்காகச் சட்டம் இயற்றும் அதிகாரமும் துணை நிற்கும்.

அணை நல்லதா கெட்டதா என்பது பற்றித் தாங்கள் எதுவும் சொல்லவில்லை என்று நீதிபதிகள் தனியாக விளக்கமே வெளியிட்டார்கள். செய்திகளில் இது 'ஆறு வென்றது' என்று வந்தது. சட்டப்படி வென்றது மத்திய அரசின் அதிகார வரம்பு. ஆறு அந்த வண்டியில் ஏறிக்கொண்டது, அவ்வளவே.

கேட்காமல் செய்த பாதுகாப்பு

அந்த முதல் காரணத்துக்கு ஒரு முன்கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் இன்னொரு மாநிலமான குயின்ஸ்லாந்தின் கேப் யார்க் பகுதியில் ஆர்ச்சர் ஆற்றங்கரையில் ஒரு கால்நடைப் பண்ணைக் குத்தகையை வாங்க, விக் பழங்குடி மக்களில் ஒருவரான ஜான் கோவார்ட்டாவும் அவருடைய குழுவினரும் முயன்றார்கள். பழங்குடியினர் பெரிய நிலங்களை வாங்கக் கூடாது என்ற கொள்கையில் மாநில அரசு ஒப்புதல் மறுத்தது. கோவார்ட்டா இன வேற்றுமைத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு 1982இல் வென்றார். ஃபிராங்க்ளின் வழக்கில் கைகொடுத்த வெளியுறவு அதிகாரத்துக்கு அந்தத் தீர்ப்புதான் முன்மாதிரி. ஆனால் நிலம் அவருக்குக் கிடைக்கவில்லை. மாநில அரசு அதைத் தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டது. இயற்கைப் பாதுகாப்பு ஒரு பூட்டாகவும் பயன்படும் என்று அந்த மக்கள் அப்போதே தெரிந்துகொண்டார்கள். 2012இல்தான் அந்த நிலம் மரபுவழி உரிமையாளர்களிடம் திரும்பியது.

இந்தப் பின்னணியில் குயின்ஸ்லாந்து 2005இல் 'காட்டாறுகள் சட்டம்' இயற்றியது. நீரோட்டம், படுகையும் கரையும் உருவாகும் விதம், நீரின் தரம், கரைத் தாவரங்கள், காட்டுயிர் நடமாட்டப் பாதை என்று அந்தச் சட்டம் காத்த இயற்கை மதிப்புகள் ஐந்து. அறிவியல்படி குறைசொல்ல முடியாத பட்டியல். ஆற்றையும் கரையையும் ஒட்டிய 'உயர் பாதுகாப்புப் பகுதி'யில் சுரங்கமும் பெரிய வேளாண்மையும் கட்டுப்படுத்தப்பட்டன. பண்பாட்டு மதிப்பு அந்த ஐந்தில் இல்லை. பழங்குடி மக்களின் மரபு நில உரிமையைத் தொட மாட்டோம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்திருந்தார்கள்தான். ஆனால் தங்கள் நிலத்தில் தொழில் செய்வதற்கான அனுமதி இனி வேறு ஒருவர் கையில் என்பதே அங்கிருந்த பலரின் எதிர்ப்பு. நோயல் பியர்சன் போன்ற பழங்குடித் தலைவர்கள் ஒரு பக்கம், சூழல் அமைப்புகள் மறுபக்கம். ஆதரித்த பழங்குடியினரும் உண்டு. 'பழங்குடிகள் எதிர்த்தார்கள்' என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது.

2009 ஏப்ரலில், மாநிலத் தேர்தல் முடிந்து இரண்டே வாரத்தில், ஆர்ச்சர், லாக்ஹார்ட், ஸ்டூவர்ட் ஆகிய மூன்று ஆறுகள் காட்டாறுகளாக அறிவிக்கப்பட்டன. இதை எதிர்த்து வழக்குப் போட்டவர் ஜான் கோவார்ட்டாவின் மனைவி மார்த்தா கோவார்ட்டா. 2014 ஜூனில் மத்திய நீதிமன்றம் மூன்று அறிவிப்புகளும் செல்லாது என்றது. மக்கள் கொடுத்த கருத்துகளை முறையாகப் பரிசீலிக்காமல், தேர்தல் வாக்குறுதியை நிறைவேற்றும் அவசரத்தில் செய்தது என்பதே அடிப்படை. அதே ஆண்டில், ஆட்சி மாறிய மாநிலம் சட்டத்தையே ரத்து செய்தது.

பட்டியல் நன்றாக இருந்தது, எல்லை அகலமாக இருந்தது, அதிகாரம் வலுவாக இருந்தது. கேட்கவில்லை என்ற ஒன்று எல்லாவற்றையும் சேர்த்துக் கவிழ்த்தது. கலந்தாலோசனை என்பதை ஒரு சம்பிரதாயக் கட்டமாகப் பார்க்கும் அரசுகள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

ஆறே ஒரு நபர் என்றால்

பட்டியல் போடும் முறைக்கு மாற்றாக அண்மையில் அதிகம் பேசப்படுவது, ஆற்றுக்கே சட்ட ஆளுமை தருவது. நிறுவனம் ஒன்று தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் வழக்குப் போடவும் முடிவதுபோல ஆறும் செய்யலாம் என்பது கருத்து. இதில் நீதிமன்ற ஆணையால் வருவதும், நாடாளுமன்றச் சட்டத்தால் வருவதும் ஒன்றல்ல. 2017 மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட நபர்கள் என்றது; நான்கே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. ஆறு பல மாநிலங்களில் ஓடுகிறது, வெள்ளத்தில் யாராவது இறந்தால் நட்டஈடு யார் தருவது என்பன போன்ற கேள்விகளுக்கு அந்த ஆணையில் ஏற்பாடே இல்லை.

அதே மாதம் நியூசிலாந்தில் வாங்கனூயி ஆற்றுக்காக வந்த 'டே அவா டுபுவா' சட்டம் வேறு ரகம். வாங்கனூயி மாவோரி மக்கள் 1938 முதல் நீதிமன்றங்களில் நடத்திவந்த உரிமைக் கோரிக்கையின் முடிவு அது. மலையிலிருந்து கடல் வரை, கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் சேர்த்து, பிரிக்க முடியாத உயிருள்ள முழுமை என்று சட்டமே ஆற்றை வரையறுக்கிறது. இயற்கை, பண்பாடு என்ற இரண்டு கூடைகள் அங்கே இல்லை. ஆற்றின் சார்பாகப் பேச இருவர் கொண்ட 'டே போ டுபுவா' என்ற பதவி. ஒருவரை அரசும் மற்றவரை ஆற்றைச் சார்ந்த மாவோரிக் குலங்களும் முன்மொழிகின்றன. அரசிடம் இருந்த ஆற்றுப் படுகை ஆற்றின் பெயருக்கே மாறியது.

சரி, தண்ணீர்? அங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். சட்டம் நீரின் மேல் யாருக்கும் சொத்துரிமை தரவில்லை. ஏற்கெனவே இருந்த அனுமதிகளை ரத்து செய்யவும் இல்லை. வாங்கனூயியின் தலைப்பகுதி நீர் 1971 முதல் டாங்கரீரோ மின் திட்டத்துக்காக வேறு பக்கம் திருப்பப்படுகிறது. ஆறு 'நபர்' ஆன பிறகும் அந்தத் திருப்பம் தொடர்கிறது. மாறியது இனி வரும் முடிவுகள்: ஆற்றைப் பாதிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்துபவர்கள், ஆற்றின் புதிய தகுதியை ஏற்று அதற்கேற்ப நடக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. நீரைத் திருப்பும் அனுமதி காலாவதியாகிப் புதுப்பிக்க வரும்போது, உயிருள்ள முழுமை என்று எழுதிய வரி எத்தனை கன மீட்டர் தண்ணீராக ஆற்றுக்குத் திரும்பும் என்று தெரியும்.